பால் கொடுக்கும்போது

"தெரியாதுங்கிற வார்த்தை இந்தக் கவுண்டர்ல ஸ்டாக் கிடையாது. வேற எது வேணும்னாலும் கேளுங்க."

இந்தப் பிரகடனம் வெளியானது ஒரு திங்கட்கிழமை காலை, மருந்துக்கடையில் நிற்க இடமில்லாத நேரத்தில். வெளியிட்டவர் அரை டாக்டர். அப்போது அவர் வலது கையில் கத்தரிக்கோல் இருந்தது, இடது கையில் மாத்திரை அட்டை இருந்தது, கண்ணாடி நெற்றியில் இருந்தது, பேனா காதில் இருந்தது. பிரகடனத்துக்குக் காரணமானவர் ஒரு தையல்காரர். பாவம், அவர் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. "அண்ணே, இந்த மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா பின்னாடி போடணுமா, உங்களுக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்டார். முன்னாடி, பின்னாடி வரைக்கும் அரை டாக்டர் முகம் மலர்ந்தே இருந்தது. 'தெரியுமா' என்ற இடத்தில்தான் சுருக்கென்றது.

கடையே சிரித்தது. தையல்காரரும் சேர்ந்து சிரித்தார். கல்லாவில் இருந்த முதலாளி மட்டும் சிரிக்காமல், பட்டமளிப்பு விழாவில் உட்கார்ந்திருப்பவர்போலத் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டார். ஓசியில் கிடைத்த விளம்பரம் அது.

அரை டாக்டர் என்ற பட்டத்தை அவருக்கு ஜனங்கள் கொடுத்தார்கள். அதற்காக அவர் எந்தத் தேர்வும் எழுதவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு அவரைக் கைவிட்டதா, அவர் படிப்பைக் கைவிட்டாரா என்பதில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. பில் எழுதுகிற வேலைக்கு வந்தவர், முப்பத்தொரு வருஷமாக அதே கடையில் நிற்கிறார். எதிரே மூன்று மாடிக் கட்டடம். பல், கண், எலும்பு, தோல், குழந்தை என்று மாடிக்கு மாடி டாக்டர்கள். அவர்கள் முழு டாக்டர்கள்தான். ஆனால் ஆளுக்கொரு உறுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் அரைதான் என்றாலும் மொத்த உடம்புக்கும் பொறுப்பு.

அவருடைய தொழில்முறை வேறு யாருக்கும் வராது. சீட்டைக் கையில் வாங்கியதும் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கும். உதடு ஒருமுறை அசையும். பிறகு கை தானாக அலமாரிக்குப் போகும். பெயரைப் பார்த்து எடுப்பதில்லை. மூடியின் நிறத்தைப் பார்த்து எடுப்பார். மாத்திரையை வெட்டிக் காகித உறையில் போட்டு, காலைக்கு ஒரு கோடு, மதியத்துக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு என்று உறைமேல் கிழிப்பார். பூசுகிற மருந்து என்றால் 'மேலுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி அடியில் இரண்டு கோடு. களிம்பால் ஒருவர் பல் துலக்கிவிட்ட சரித்திரச் சம்பவத்துக்குப் பிறகு ஏற்பட்ட வழக்கம் அது.

கடைசியில் உரை. பழம்பாட்டுக்குப் பதவுரை, பொழிப்புரை, விசேடவுரை எல்லாம் சொல்கிற தமிழாசிரியரைப் போல, டாக்டர் எழுதிய ஒன்றரை வரிக்கு இவர் இரண்டு நிமிஷம் உரை சொல்வார். டாக்டர் எழுதாமல் விட்டதையும் சொல்வார். டாக்டர் நினைக்காமல் விட்டதையும் சில சமயம் சொல்வார். கிறுக்கல் படிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை எலும்பு டாக்டரே தன் நர்ஸை எதிர்ச்சாரிக்கு அனுப்பினார்: "சார், போன வாரம் சார் எழுதினது என்னன்னு சார் கேட்டுட்டு வரச் சொன்னாங்க சார்."

நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு பெரியவர் இரண்டு டாக்டர்களிடம் இரண்டு சீட்டு வாங்கி வந்தபோது, இரண்டு பெயரில் இருப்பது ஒரே மருந்துதான் என்று கண்டுபிடித்து, இரண்டு மாடி ஏறி இறங்கித் தடுத்தவர் இவர்தான். இன்றைக்கும் அந்தப் பெரியவர் சாலையைக் கடக்கும்போது கடையைப் பார்த்து ஒரு கும்பிடு போடாமல் போவதில்லை. கடைக்கு வருகிற பாதிப் பேர் மருந்துக்காக வந்தார்கள்; மீதிப் பேர் யாராவது ஒருத்தர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று வந்தார்கள்.

அந்தப் பதில் சொல்கிற வெறிக்கும் ஒரு காரணம் இருந்தது. மீசை முளைக்கிற வயதில் தன் அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். முதல் ஜன்னலில் கேட்டார், தெரியாது என்றார்கள். இரண்டாவது ஜன்னலில், தெரியாது, பக்கத்தில் கேள் என்றார்கள். மூன்றாவது ஜன்னலில் இருந்தவர் பதிலே சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். நாலாவது ஜன்னலுக்குப் போவதற்குள் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. இதை அவர் தன் மனைவியிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். மற்றபடி உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வீராப்பு மட்டும்.

வீடு, ஒரு அச்சகத்துக்கு மேல்மாடியில் இரண்டு அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே டம்ளர் நடக்கும். அந்த வீட்டில் அப்போது நாலு பேர்: அவர், மூட்டுவலிக்கார மனைவி, மகள், மகளின் ஆறு வாரக் கைக்குழந்தை. மருமகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில் இருப்பவர், மனைவியைத் தரையில் இருப்பவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். குழந்தைக்கு அச்சு மெஷின் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும். ஞாயிற்றுக்கிழமை அச்சகம் லீவு என்றால் வீட்டில் யாருக்கும் லீவு கிடையாது.

இது மகளுக்கு இரண்டாவது குழந்தை. முதலாவது, நாள் நிறையாமல் வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. நாலாவது நாள் அவளுக்குப் பால் சுரந்தது. உடம்புக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. துணி நனைய நனைய மாற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பால் வற்ற டாக்டர் எழுதிய மாத்திரையைத் தன் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவர் அவள் அப்பாதான். உறைமேல் கோடு போட அன்றைக்கு அவருக்குக் கை வரவில்லை.

ஆகவே இரண்டாவது குழந்தை முதல்முறை மார்பில் வாய் வைத்தபோது, மகள் சிரித்த சிரிப்பைப் பார்த்து ஆஸ்பத்திரி ஆயாவே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலை இல்லை, வேறு பேச்சு இல்லை. குழந்தை குடிக்கும், இவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். மணி கேட்டால்கூட, "இப்பதாம்மா இந்தப் பக்கம் குடிச்சு முடிச்சான்" என்றுதான் பதில் வரும்.

ஆறாவது வாரம் தோலில் தொல்லை கிளம்பியது. சின்ன வயதிலிருந்தே முழங்கை மடிப்பில் வந்து வந்து போகிற கரப்பான் அவளுக்கு உண்டு. இந்தத் தடவை அது விரலிடுக்கில் ஆரம்பித்து, மணிக்கட்டுக்கு ஏறி, மார்பிலும் போய் உட்கார்ந்துகொண்டது. தோல் வெடித்து நீர் கசிந்தது. குழந்தை வாய் வைக்கும் ஒவ்வொரு தடவையும் கட்டில் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் பல்லைக் கடித்தாள். குழந்தைக்கு அது தெரியக்கூடாது என்று முகத்தை மட்டும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டாள்.

எதிர்க் கட்டடத்துத் தோல் டாக்டரம்மாவிடம் போய்க் காட்டினாள். அறை வாசலில் இருபது பேர். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. டாக்டரம்மா சொன்னதில் பாதி அழுகையில் கரைந்துபோக, மீதிக்குத் தலையாட்டிவிட்டு, சீட்டோடு வீட்டுக்கு வந்தாள்.

இந்த இடத்தில் அந்த வீட்டு ராஜதந்திர நடைமுறையைச் சொல்ல வேண்டும். கவுண்டரில் எந்தப் பெண் எந்த உறுப்பைப் பற்றிக் கேட்டாலும் அரை டாக்டர் கூசாமல் உரை சொல்வார். சொந்த மகள் விஷயத்தில் மட்டும் அவர் காது சிவந்துவிடும். அப்பாவும் மகளும் இந்த மாதிரிச் சமாசாரத்தை நேரடியாகப் பேசுவதில்லை. தூதர் வழியாகத்தான் பேச்சு. தூதர், அம்மா. இரு நாடுகளுக்கும் இடையே எல்லைக்கோடு, அறை வாசலில் தொங்கிய ஒரு பூப்போட்ட திரை.

"அவளுக்கு ஒரு டியூப் எழுதியிருக்காங்க, பாருங்க" என்று சீட்டை நீட்டினார் மனைவி.

"எங்க போடுறதுக்கு?"

"கைக்கு."

"கைக்கு மட்டுமா?"

"மேலுக்கும்."

"மேலுக்குன்னா?"

"மேலுக்குன்னா மேலுக்குத்தான். அப்பன்கிட்ட அவ படம் வரைஞ்சா காட்டுவா?"

கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. சீட்டில் முதல் இரண்டு வரி வழக்கமான கிறுக்கல்; எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி. அதை அவர் ஒரே பார்வையில் படித்துவிட்டார். லேசான வகைக் கிரீம், பாதித்த இடத்தில் மெல்லிதாக, தினம் இரண்டு வேளை, பதினைந்து நாள். அதற்குக் கீழே ஒரு வரி, நல்ல தமிழில், குண்டு குண்டாக, இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற எழுத்தில் இருந்தது: 'பால் கொடுக்கும்போது தடவ வேண்டாம்.'

முப்பத்தொரு வருஷம் எந்தக் கிறுக்கலிலும் தடுக்கி விழாதவர், மணிமணியாக எழுதியிருந்த அந்த ஒரு வரியில் விழுந்தார்.

'போது' என்பது இரண்டெழுத்துச் சொல். பார்வைக்குப் பரம சாது. 'சாப்பிடும்போது பேசாதே' என்றால் ஆயுள் முழுக்க ஊமையாக இரு என்று யாரும் பொருள்கொள்வதில்லை. வாயில் இருப்பதை விழுங்கிவிட்டுப் பேசலாம். 'படிக்கும்போது கல்யாணம் வேண்டாம்' என்றால், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அடுத்த ஐந்து நிமிஷத்தில் மாலை மாற்றிக்கொள்ளலாம் என்றும் யாரும் பொருள்கொள்வதில்லை. படிப்பு முடிகிறவரை பொறுக்க வேண்டும். அதே 'போது' ஓரிடத்தில் ஐந்து நிமிஷம், இன்னோரிடத்தில் ஐந்து வருஷம். எது எங்கே என்று மூன்று வயதுக் குழந்தையும் குழம்பாது. 'பால் கொடுக்கும்போது' என்ற இடத்தில் மட்டும் இரண்டு கதவும் திறந்திருந்தன. அரை டாக்டர் தம் தகுதிக்கேற்ப, பெரிய கதவு வழியாக நுழைந்தார்.

"பால் குடுக்குற காலம் முடியுற வரைக்கும் இதத் தொடக் கூடாது. அதான் அர்த்தம்" என்றார்.

"அப்போ எதுக்கு எழுதிக் குடுத்தாங்க? அவ குழந்தையத் தோள்ல போட்டுக்கிட்டுத்தானே போனா, அவங்க கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

மனைவியின் கேள்வி அப்பழுக்கில்லாத கேள்வி. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பதில் கையிருப்பில் இல்லை என்று அவர் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

"நல்லாக் கேட்ட. அங்கதான் சூட்சுமம். கிரீம் வேணும்னா பால நிறுத்து, பால் வேணும்னா கிரீம நிறுத்து. முடிவ நம்மகிட்ட விட்டிருக்காங்க. பெரிய டாக்டருங்க நாசூக்காத்தான் எழுதுவாங்க."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. தூரம் ஆறு அடி. "அம்மா, குடுத்து முடிச்சதுக்கப்புறம் போட்டுக்கலாம்னு இருக்குமோன்னு அப்பாகிட்ட கேளும்மா."

"அப்படின்னா 'கொடுத்த பிறகு தடவவும்'னு எழுதிருக்க மாட்டாங்களான்னு அவகிட்ட கேளு. தோல்ல போடுறது ரத்தத்துக்குப் போகும். ரத்தத்துல இருக்குறது பாலுக்குப் போகும். பால்ல இருக்குறது குழந்தைக்குப் போகும்." மூன்று 'போகும்'களையும் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். திரைக்கு விரல் தெரியவா போகிறது.

"சீட்டுலயே போன் நம்பர் இருக்காம். ஒரு தடவ கேட்டுடலாமாங்கிறா."

"போனா?" அவர் சிரித்தார். கோபம்கூட இல்லை, நிஜமாகவே சிரிப்பு வந்தது. "எல்லாருக்கும் நான் சொல்லிக்கிட்டிருக்கேன். என் வீட்டு விஷயத்துக்கு நான் போன் போட்டு இன்னொருத்தரக் கேக்கணுமா? கடை வாசல்ல தெரிஞ்சா சிரிப்பாங்க."

 திரைக்குப் பின்னாலிருந்து குழந்தை சப்புக்கொட்டுகிற சத்தமும், கட்டில் சட்டம் கிரீச்சிடுகிற சத்தமும் கேட்டன. அந்தக் கிரீச் எதனால் என்பது இவருக்கு மனைவி சொல்லித் தெரியும். அவருக்குத் தாங்கவில்லை. அந்த நேரத்தில் அவர் மனதில் பெருமையும் இல்லை, பட்டமும் இல்லை. மகளுக்கு வலிக்கிறதே என்ற ஒன்றுதான் இருந்தது. ஆனாலும் தீர்ப்பு அரை டாக்டர் குரலிலேயே வந்தது.

"பதினஞ்சு நாள்தானே. புட்டிப்பால் குடுப்போம். தோல் ஆறட்டும். அப்புறம் பழையபடி குடுத்துக்கட்டும். பால் எங்க, ஓடியா போயிடும்?"

பால் ஓடிப்போகாது என்பது வாஸ்தவம். அது நின்றுவிடும். கேட்க ஆளில்லாத சரக்கை எந்தக் கடைக்காரரும் மறுபடி வரவழைப்பதில்லை. தாயின் உடம்பும் அந்தக் கட்சிதான். முப்பத்தொரு வருஷம் கடையில் நின்றவருக்கு இந்த வியாபார சூத்திரம் தோன்றாமல் போனது.

முதல் மூன்று நாள் மகளுக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. அம்மா ஈரத்துணி வைத்துக்கொண்டே இருந்தார். தோல் வெடித்திருந்ததால் பிழிந்தெடுக்கவும் அவளால் முடியவில்லை. குழந்தை பசித்து அழுதால் அவள் துணி தானாக நனைந்தது. புட்டியோடு குழந்தையை எடுத்துக்கொண்டு அம்மா அடுத்த அறைக்குப் போய்விடுவார், சத்தம் கேட்க வேண்டாமே என்று. ஐந்தாம் நாள் கிரீம் வேலை காட்டியது. விரலிடுக்கு ஆறியது. மணிக்கட்டில் புதுத்தோல் வந்தது. ஒன்பதாம் நாள் அரை டாக்டர் வழக்கம்போல் தூதரை விசாரித்தார்.

"மேலுக்கு எப்படி இருக்காம்?"

"வலியே இல்லையாம். கட்டினதெல்லாம் கரைஞ்சு போச்சாம்."

"பாத்தியா!" என்றார்.

அன்றைக்குக் கடையில் மூன்று பேருக்குச் சேர்த்து உரை சொன்னார். அவ்வளவு உற்சாகம்.

பதினாறாம் நாள் காலை, மகள் குளித்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தை வாய் வைத்தது. இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தது. பிறகு, தண்ணீர் வராத குழாயைத் திறந்துவிட்ட ஆளைப்போல நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு அழுதது. மறுபக்கம் மாற்றினாள். அன்று முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். மூன்றாம் நாள் தூதரிடமிருந்து ஒற்றை வரிச் செய்தி வந்தது: "வரலையாம்ங்க."

மனைவிக்கு மூட்டுவலி; வீட்டு மாடியே பெரும்பாடு, இன்னொரு மாடி ஏற முடியாது. ஆகவே மகளைத் தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகும் பொறுப்பு அரை டாக்டருக்கு வந்தது. தன் கடைக்கு எதிரே இருக்கிற படியில், பையும் புட்டியுமாக, யாரும் பார்க்காத மாதிரி ஏறினார். மகளும் குழந்தையும் உள்ளே போனார்கள். இவர் பச்சைத் திரைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். திரைகளுக்கு வெளியே உட்காருவது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

"அட, தோல் அருமையா ஆறிருக்கே! குழந்தை நல்லாப் பால் குடிக்குதா?"

"புட்டிப்பால்தான் டாக்டர்."

"ஏன்?"

"கிரீம் போடுறதால நிறுத்தினேன்."

பேனாவை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது.

"எதுக்கும்மா நிறுத்தின? இது ரொம்ப லேசான கிரீம். இத்துனூண்டு பூசினா உள்ள போறதே சொற்பம். குழந்தை குடிச்சு முடிச்ச கையோட மெல்லிசாப் பூசிக்க வேண்டியது, அடுத்த தடவைக்கு முன்னாடி துடைச்சுட்டுக் குடுக்க வேண்டியது. பூசின இடம் குழந்தை வாயில படாமப் பாத்துக்கணும், அவ்வளவுதான். அதத்தானே எழுதினேன்?"

"பால் கொடுக்கும்போது தடவ வேண்டாம்னு..."

"குடுக்குற அந்த நேரத்துலம்மா!" டாக்டரம்மா நிறுத்தினார். காகிதம் புரள்கிற சத்தம். மறுபடி பேசியபோது குரல் இறங்கியிருந்தது. "நான் 'கொடுத்த பிறகு'ன்னு எழுதிருக்கணும். என் தப்பும் இருக்கு. ஆனா பால நிறுத்தணும்னு உனக்கு யாரும்மா அர்த்தம் சொன்னா?"

இங்கே அரை டாக்டர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். முழுசாக எழவில்லை. அரைவாசி எழுந்தார். முழங்கால் மடங்கியபடி, பை மடியிலிருந்து சரிய, ஒரு கையால் அதைப் பிடித்தபடி, வாயைத் திறந்தார்.

"யாரும் சொல்லல டாக்டர்" என்றாள் மகள். "நானாத்தான் தப்பாப் படிச்சுட்டேன்."

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

அந்த ஒரு கணத்தை அவர் அதற்கப்புறம் எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், நான்தான் டாக்டர் என்றார். நடந்ததென்னவோ உட்கார்ந்ததுதான்.

முயற்சி செய்தால் பால் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். இரண்டு மணிக்கொருதரம் குழந்தையைப் போட வேண்டும், உடம்போடு உடம்பாக அணைத்து வைத்துக்கொள்ள வேண்டும், மீதி நேரம் பிழிந்தெடுக்க வேண்டும். அரை டாக்டர் களத்தில் இறங்கினார். பால் எடுக்கிற பம்பை அன்றைக்கே கடையிலிருந்து கொண்டுவந்தார். மனைவியின் கையிலிருந்து பாத்திரத்தைப் பிடுங்கிக் கழுவினார். மகளுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று குழந்தைத் துணி அலசினார். துணி அலசும் அரை டாக்டரை மொட்டைமாடியில் பார்த்த அச்சகக்காரர், "என்ன சார், புதுசா டிபார்ட்மெண்ட் மாத்திட்டீங்க?" என்றார். பதிலுக்கு ஒரு கேலி சொல்லாமல் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கியது அதுதான் முதல் தடவை.

முதல் வாரம் புட்டியின் அடி நனைந்தது. இரண்டாம் வாரம் அடிக்கு மேல் ஒரு நூல் ஏறியது. வீடே அந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தைக்கு அதெல்லாம் பொறுமையில்லை. புட்டியின் வேகத்துக்குப் பழகியவன், மார்பில் போட்டால் முதுகை வில்லாக வளைத்து, முகம் சிவக்கக் கத்தினான். இரண்டு மணிக்கொருதரம் அந்தக் கத்தல். இரண்டு மணிக்கொருதரம் மகள், ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவள்போலக் குழந்தையைப் பார்த்தாள். மூன்றாம் வாரம் அந்த நூலும் இறங்கிவிட்டது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. புட்டிப்பாலில் கன்னம் வைத்து, தொடை மடிந்து, ஜம்மென்று இருந்தான். யாரும் யாரையும் குற்றம் சொல்ல அவன் இடமே வைக்கவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர், கழுவிய பம்பை எடுத்துக்கொண்டுபோய்த் திரைக்கு வெளியே நின்று, "அவகிட்ட குடு" என்றார். மனைவி வெளியே போயிருந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. தூதர் இல்லை. திரையை மகளே விலக்கினாள். குழந்தை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"போதும்ப்பா" என்றாள்.

"இன்னும் ஒரு வாரம் பாக்கலாமேம்மா..."

"அவன் அழுறான்ப்பா. பசியில அழுறான்னாப் பரவால்ல. என்னப் பாத்தாலே அழுறான்." பம்பை அவர் கையிலிருந்து வாங்கி, துடைத்து, அதன் அட்டைப் பெட்டிக்குள் பாகம் பாகமாக அடுக்கினாள். "அப்போ பால் இருந்துச்சு, குழந்தை இல்ல. இப்போ குழந்தை இருக்கான்." மீதியை அவள் சொல்லவில்லை. பெட்டியின் மூடியைச் சரியாக மடித்துச் செருகினாள்.

அவளாவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். திட்டுக்கெல்லாம் அவரிடம் பதில் உண்டு. அவள் திட்டவில்லை. "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அதற்கு மட்டும்தான் பதில் தேவைப்பட்டது. அவரால் சொல்ல முடியவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் நினைத்தார். நாலு நாள் நினைத்தார். கடைக்குப் போகிற வழியில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கேள்விக்குப் பதில் சொல்லியே தேய்ந்த நாக்கு, கேட்கப்படாத ஒன்றைச் சொல்ல வரும்போது மரத்துப்போனது. வீட்டில் திரை மறுபடி அதன் இடத்தில் தொங்கியது. தூதர் தூதராகவே இருந்தார். ஆனால் இப்போது கொண்டுபோவதற்குச் செய்தி குறைவாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில், கடையில் கூட்டம் ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம், தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். சீட்டு இல்லை. கையில் பாதி பிதுக்கிய ஒரு டியூப் மட்டும்.

"அண்ணே, பக்கத்து வீட்டு அக்கா குடுத்தாங்க. அரிப்புக்கு நல்லாக் கேக்குதாம். கழுத்துலயும் மார்லயும் அரிக்குது. பால் குடுக்குறேன், இதப் போடலாமா?"

கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. டியூபைத் திருப்பிப் பார்த்தார். மூடியின் நிறம் அவருக்குத் தெரியும். மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்த சமாசாரம். எதற்கு வேண்டுமானாலும் ஆட்கள் வாங்கிப் பூசுகிற டியூப். அவரே எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது. மகளுக்கு எழுதிய கிரீம் வேறு. அது லேசு, இது அப்படியல்ல. அதற்குச் சொன்ன உரையை இதற்குச் சொல்ல முடியாது. மடிப்பிலிருந்த சின்ன எழுத்தை வெளிச்சத்தில் நீட்டிப் படித்தார். உதடு அசைந்தது. மறுபடி படித்தார்.

அந்தப் பெண் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தாள். இந்தக் கடையில் இவ்வளவு நேரம் யாரும் காத்திருந்ததில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

அவள் சிரித்தாள். அவர் விளையாட்டாகப் பேசுகிறவர் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். "சும்மா சொல்லாதீங்கண்ணே. நீங்கதான் எல்லாம் சொல்வீங்கன்னு அக்கா அனுப்பிச்சாங்க."

"நிஜமாத்தாம்மா. இதப் போட வேண்டாம், பாலையும் நிறுத்த வேண்டாம். கேட்டுட்டுச் செய்யலாம்."

கல்லாவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த முதலாளி நிமிர்ந்தார். "யோவ், என்னய்யா இது? உனக்கா தெரியாது?"

"எனக்குத்தாங்க" என்றார் அவர். "தெரியாது."

கவுண்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அந்தப் பெண்ணோடு எதிர்க் கட்டடத்துக்குச் சாலையைக் கடந்தார்.